விடியத் தும்மல், மூக்கடைப்பு, பீனிசம்: வளவு மருந்தில எது உதவும், எது கெடுக்கும்

தருமபுரத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. தனக்கும் எட்டு வயசு மகனுக்கும் தை மாசம் நெல்லு அருவி வெட்டு தொடங்கினா விடிய எழும்பினவுடன இருவது முப்பது தும்மல், மூக்கால தண்ணி, பேந்து அடைப்பு, பின்னேரம் நெத்தி பாரம், பிரிட்டன் எண்ட அலர்ஜிக் குளிசை குடிச்சா பெடியன் பள்ளிக்கூடத்தில நித்திரை, அதால இங்கிலீஷ் மருந்தை விட்டிட்டு மூலிகையோட மட்டும் போகலாமோ, மாமி சொல்லுற மாதிரி மூக்குக்க எண்ணெய் விடலாமோ, சந்தையில ஒராள் விக்கிற பீனிசப் பவுடர் ரெண்டு கிழமை குடிக்க நல்ல சுகம், அதைத் தொடரலாமோ எண்டு. மூண்டு கேள்வி, மூண்டுக்கும் ஒரு வரியில பதில் சொல்ல ஏலாது, அதால கொஞ்சம் நீளமா எழுதிறன் தங்கச்சி, ஆறுதலா வாசியுங்கோ.

நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற பகுதியில கன வருசம் நிண்டனான். அதுக்கு முதல் ஒரு பரியாரியாற்ற பேத்தி, முள்ளியவளையில அப்பப்பா குளிகை அரைக்கேக்க கல்வத்துக்குப் பக்கத்தில இருந்து வளந்தனான். அதால ஒரு பக்கத்தைத் தூக்கி மற்றப் பக்கத்தைப் போட்டு மிதிக்க எனக்கு மனம் வராது. இந்த வருத்தம் எனக்கும் இருக்கு. 2009ல செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ இருந்த நாளில அந்தப் புழுதிக்கு எனக்கு மூக்கு திறந்த நாளே இல்லை, வாயால மூச்சு விட்டு விட்டு தொண்டை வறண்டு இரவிரவா இருப்பன். அப்ப ஒரு வயசான நேர்ஸ் அக்கா தான் கொதிச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு மூக்கைக் கழுவப் பழக்கினவ. நொச்சியும் இல்லை, ஆடாதோடையும் இல்லை, கையில இருந்தது அது ஒண்டு தான், அதால தான் நான் நித்திரை கொண்டது. இண்டைக்கு வரைக்கும் ஆர் கேட்டாலும் நான் முதல் சொல்லுறது அதைத்தான்.

அதுக்கு முதல் ஒரு விசயம் விளங்க வேணும். நாங்கள் எல்லாத்தையும் பீனிசம் எண்டு ஒரே பேரில சொல்லுறம், ஆனா உங்களுக்கு இருக்கிறது முக்கால்வாசி அலர்ஜி. நெல்லுச் சுணை, வைக்கல் தூசு, பூஞ்சணம், மெத்தையில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சி, இதில ஏதோ ஒண்டை உங்கட உடம்பு எதிரி எண்டு நினைச்சு வைச்சிருக்கு. ஐஜிஈ எண்டு ஒரு எதிர்ப்புப் புரதம் மூக்குத் தோலில இருக்கிற சில கலங்களில முதலே ஒட்டிக்கொண்டு காவல் நிக்கும், அந்தத் தூசு உள்ள வந்து பட்டவுடன அந்தக் கலம் வெடிச்ச மாதிரி ஹிஸ்டமினைக் கொட்டும், அதால தான் கடி, தும்மல், தண்ணி. பீனிசம் எண்டு சரியாச் சொல்லுறது அதுக்கு அடுத்த கட்டம். கன்னம், நெத்தி, கண்ணுக்கு நடுவில, மூக்குக்குப் பின்னால ஆழத்தில எண்டு நாலு சோடி காத்தறை எங்கட மண்டைக்குள்ள இருக்கு, எல்லாத்துக்கும் வாசல் மூக்குக்குள்ள தான், அதுவும் சின்ன ஓட்டை. மூக்குத் தோல் வீங்கினா அந்த வாசல் அடைபடும், உள்ள சளி தேங்கும், பாரம், நோ, நாத்தம். ஆகவே வாசலைத் திறந்து வைச்சிருக்கிறது ஒரு வேலை, அலர்ஜியை அடக்கிறது இன்னொரு வேலை. மூலிகையளில கனக்க இந்த ரெண்டையும் செய்யாது, ஆத்தும் அவ்வளவு தான். ஆத்திறதும் தேவை தான், நான் அதைக் குறைச்சுச் சொல்லேல்ல, ஆனா எது எந்த வேலையைச் செய்யுது எண்டு தெரிஞ்சு பாவிக்க வேணும்.

சரி, உப்புத் தண்ணி. எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை, யோகாசனக்காரர் நேத்தி எண்டு கெண்டியால விடுறது இது தான். ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பை அளவு, அதாவது 240 மில்லிலீற்றர் தண்ணி, அதுக்கு மட்டமா அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. அப்பச்சோடா போட்டா எரிவு குறையும். உப்பு சுத்தமான தூள் உப்பா இருக்கட்டும், அயடீன் சேராதது கிடைச்சா இன்னும் நல்லம். ஆனையிறவுக் கல்லுப்புத் தான் வீட்டில இருக்கு எண்டால் கரைச்சு, ஊறல் மண் அடியில இருக்க மேல வடிச்சு, அதையும் கொதிக்க வைச்சுத் தான் பாவிக்கலாம், ஆனா அளவு பிழைக்கும், அதால தூள் உப்பே சுகம். குனிஞ்சு தலையை ஒரு பக்கம் சரிச்சு, வாயைத் திறந்து வாயால மூச்சு விட்டுக்கொண்டு மேல் பக்க மூக்குக்குள்ள மெதுவா விட மற்ற மூக்கால ஓடி வரும். பாமசியில ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிறிஞ்ச் வாங்கினா காணும், கெண்டி தேடி அலையத் தேவையில்லை. முடிய மெதுவாச் சிந்துங்கோ, ரெண்டு மூக்கையும் பொத்தி அடிச்சுச் சிந்தினா தண்ணி காதுக்குப் போய்க் காது நோகும். முழுசா அடைச்சுப்போய்க் கிடக்கிற நேரமும் காது நோ இருக்கிற நேரமும் விடாதேங்கோ.

தண்ணி விசயத்தில மட்டும் நான் ஒரு சொட்டும் விட்டுக்குடுக்க மாட்டன். கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி, குளத்துத் தண்ணி, பில்டர் பண்ணின தண்ணி ஒண்டும் நேர மூக்குக்குள்ள போகக்கூடாது. தளதளவெண்டு கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிசமாவது கொதிக்க வேணும், மூடி ஆற வைக்க வேணும், அண்டைக்கே பாவிச்சு முடிக்க வேணும். ஏனெண்டா வெதுவெதுப்பான நல்ல தண்ணியில நெக்லேரியா எண்டு ஒரு அமீபா இருக்கும், அதைக் குடிச்சா ஒண்டும் செய்யாது, மூக்கால மேல ஏறினா மூளைக்குப் போயிடும், போனா தப்பினவை மிகக் குறைவு. 2011ல அமெரிக்காவில லூசியானாவில ரெண்டு பேர் குழாய்த் தண்ணியால மூக்குக் கழுவித் தான் இறந்தவை. அங்கத்தைக் குழாய்த் தண்ணிக்கே அப்பிடி எண்டால் எங்கட கிணத்தை யோசியுங்கோ. சிறிஞ்சையும் ஒவ்வொரு நாளும் கொதிதண்ணியில கழுவிக் காய வையுங்கோ.

இது வெறும் கைப்பழக்கம் இல்லை. 2016ல வெளிவந்த ஒரு ஆய்வில இங்கிலாந்தில அடிக்கடி பீனிசம் வாற 871 பேரைப் பிரிச்சு, சிலருக்கு மூக்குக் கழுவப் பழக்கி, சிலருக்கு வேது பிடிக்கச் சொல்லிப் பாத்தவை. கழுவினவைக்கு ஆறு மாசத்தில குணம் தெரிஞ்சது, வேது பிடிச்சவைக்குப் பீனிசத்தில பெரிசா ஒண்டும் இல்லை. இதை நான் சொன்னா எங்கட அம்மாமார் கோவிப்பினம், வேது எங்கட உயிர் மாதிரி. நானும் பிடிக்கிறனான். நொச்சியும் தேசி இலையும் பாவட்டையும் போட்டு அவிச்ச சட்டியைத் திறந்தவுடன வாற அந்த வாசத்துக்கே பாதி நோ போன மாதிரி இருக்கும். அந்தப் பத்து நிமிசச் சுகம் உண்மை, அதை ஆரும் மறுக்க ஏலாது. ஆனா அது பேந்து அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும், வீக்கம் வத்தாது. பெரிய ஆக்கள் பிடிக்கலாம். பிள்ளையளைப் போர்வைக்குள்ள சட்டிக்கு முன்னால இருத்தாதேங்கோ, கால் பட்டுச் சட்டி சரிஞ்சு தொடையெல்லாம் வெந்து வந்த பிள்ளையளை நான் கண்டனான், அந்தத் தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும், தடிமன் ஒரு கிழமையில போயிருக்கும்.

நொச்சி இலையைத் தலையணைக்குள்ள வைச்சுப் படுக்கிறது, நீர்க்கோவைக் குளிகை உரைச்சு நெத்தியில பத்துப் போடுறது, வேர்க்கொம்பு உரைச்சுப் பூசுறது, இதெல்லாம் பாரத்துக்கு இதமாத் தான் இருக்கும், தோல் எரியாத வரைக்கும் செய்யுங்கோ. கண்ணுக்குக் கிட்டப் பூசாதேங்கோ. காய்ஞ்ச இலை பூஞ்சணம் பிடிச்சா அதுவே தும்மலைக் கொண்டு வரும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்கோ.

குடிக்கிற மருந்துக்கு வருவம். மல்லித்தண்ணி முதல். மல்லி, வேர்க்கொம்பு, நாலு மிளகு, கொஞ்சம் திப்பிலி, சிங்கள ஆக்கள் பஸ்பங்குவ எண்டு மல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் அஞ்சும் சேத்து அவிக்கினம், எல்லாம் ஒரே குடும்பத்துப் பழக்கம் தான். இதுகள் அலர்ஜியை அடக்கும் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனா சூடாக் குடிக்கிறதில ஒரு விசயம் இருக்கு, 2008ல வேல்ஸில கார்டிப் பல்கலைக்கழகத்தில 30 பேருக்குத் தடிமனோட ஒரே பானத்தைச் சூடாயும் சாதாரணமாயும் குடுத்துப் பாத்தவை, மூக்கால போற காத்தின்ர அளவு ரெண்டிலயும் மாறேல்ல, ஆனா சூடாக் குடிச்சவைக்குத் தும்மல், இருமல், தொண்டை நோ எல்லாம் குறைஞ்ச மாதிரி உடன இருந்தது. அப்ப எங்கட அம்மம்மா மாருக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. குடியுங்கோ, பிள்ளைக்கும் குடுங்கோ, காரத்தைக் குறைச்சு. ஒண்டு மட்டும், கடையில பைக்கற்றில வாற மூலிகைத் தூள் கனக்கத்தில சீனி கலந்திருக்கும், சலரோகக்காரர் பின்பக்கத்தை வாசிச்சுப்போட்டு வாங்குங்கோ.

ஆடாதோடை எங்கட வேலி மருந்துகளில ராசா. அதில இருக்கிற வசிசின் எண்ட சத்தை அடிப்படையா வைச்சுத் தான் புரோம்ஹெக்சின் எண்ட சளி கரைக்கிற இங்கிலீஷ் மருந்தே வந்தது, ஆஸ்பத்திரியில அந்தக் குளிசையைக் குடுக்கேக்கயெல்லாம் எனக்கு அப்பப்பாவின்ர வேலி தான் ஞாபகம் வரும். ஆனா அது நெஞ்சுச் சளிக்கு, இருமலுக்கு. தும்மலுக்கும் மூக்கால ஓடுற தண்ணிக்கும் அதால பிரியோசனம் இல்லை. கர்ப்பமா இருக்கிற பிள்ளையள் தொடவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். தூதுவளை சம்பலும் ரசமும் சாப்பாடு, அதில பயப்பிட ஒண்டும் இல்லை, முள்ளை மட்டும் வடிவா எடுங்கோ. கற்பூரவள்ளி ரெண்டு இலை அவிச்சுக் குடிக்கலாம், பிள்ளையளுக்கும் ஒத்து வரும்.

அலர்ஜிக்கு எண்டே ஆராய்ஞ்ச எங்கட மூலிகை ஒண்டைச் சொல்லச் சொன்னா சீந்தில். வேலியில, வேம்பில எல்லாம் கயிறு மாதிரி ஏறிக் கிடக்கும். 2005ல வெளிவந்த ஒரு இந்திய ஆய்வில 75 பேருக்கு எட்டுக் கிழமை சீந்தில் சாறு குளிசையாக் குடுக்க, தும்மல், அடைப்பு, கடி எல்லாம் வெறும் மாத்திரை குடிச்சவையை விட நல்லாக் குறைஞ்சது. கேக்க நல்லா இருக்கு. ஆனா கொரோனா நேரம் இந்தியாவில சனம் நோயெதிர்ப்புக்கு எண்டு சீந்திலை அவிச்சு மாசக்கணக்காக் குடிச்சு, ஈரல் பழுதாகி மஞ்சள் வந்து ஆஸ்பத்திரியில படுத்தவை. அதால ஆரும் வேலியில வெட்டித் தாங்களா அளவு வைச்சுக் குடிக்கிறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். விருப்பமெண்டா அரசாங்கச் சித்த வைத்தியசாலைக்குப் போங்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில 1984ல இருந்து சித்த மருத்துவம் படிப்பிக்கினம், படிச்சுப் பதிஞ்ச டொக்டர்மார் இருக்கினம், நீங்கள் குடிக்கிற மற்ற மருந்தையும் சொல்லி அவையின்ர கையால வாங்குங்கோ. அதிமதுரமும் அப்பிடித்தான், தொண்டைக்கு ஒரு துண்டு சப்பினாப் பரவாயில்லை, நாள்தோறும் அவிச்சுக் குடிச்சா பிரஷர் ஏறும், உடம்பில பொட்டாசியம் இறங்கும், ஏற்கெனவே பிரஷர் குளிசை குடிக்கிற ஆக்களுக்கு அது விளையாட்டில்லை. கருஞ்சீரகத்துக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளில கொஞ்சம் குணம் காட்டியிருக்கு, சாப்பாட்டில சேருங்கோ, எண்ணெயாக் குடிக்க வேண்டாம்.

தேன். எங்கட காட்டுத்தேனைப் பற்றி நான் குறைவாச் சொல்ல மாட்டன், கொம்புத்தேனும் பொந்துத்தேனும் தின்டு வளந்தனாங்கள். ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இரவு இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் உண்மையில உதவும். ஒரு வயசுக்குக் கீழ நாக்கில தடவவும் வேண்டாம், பொட்டுலிசம் எண்டு ஒரு நஞ்சு வருத்தம் வரும். ஆனா "உள்ளூர்த் தேன் சாப்பிட்டா உள்ளூர் மகரந்த அலர்ஜி போகும்" எண்டு சொல்லுறது சரிவராது, ஏனெண்டா தேனி எடுக்கிறது பூவில இருக்கிற பாரமான, ஒட்டுற மகரந்தம், மூக்குக்கு வில்லங்கம் தாறது காத்தில பறக்கிற புல்லு, பூண்டு மகரந்தம். ரெண்டும் வேற.

பூண்டு எண்டவுடன பார்த்தீனியம் சொல்ல வேணும். வவுனியாப் பக்கத்தாலயும் யாழ்ப்பாணப் பக்கத்தாலயும் றோட்டுக் கரை, தரிசுக் காணியெல்லாம் சின்ன வெள்ளைப் பூவோட நிக்குமே, அது மூக்குக்கும் தோலுக்கும் சரியான கெடுதல். பூக்க முதல், கைக்கு உறை போட்டுப் பிடுங்க வேணும். அது செவ்வந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேந்த குடும்பம். அதால பார்த்தீனியத்துக்குக் கடிக்கிற ஆக்கள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புற கமோமைல் தேயிலையைக் குடிச்சா அதுக்கும் சில நேரம் உடம்பு தடிக்கும், கமோமைலும் அதே குடும்பம். அதே மாதிரி பட்டர்பர் எண்டு ஒரு ஐரோப்பிய மூலிகைக் குளிசையும் வருது, 2002ல செற்றிரிசின் எண்ட அலர்ஜி மருந்தோட ஒப்பிட்டுப் பாத்து அதுக்குச் சமமா வேலை செய்தது எண்டு பேர் வந்தது தான், ஆனா அந்தச் செடியில ஈரலைக் கெடுக்கிற சத்து இருக்கு, வேண்டாம்.

இனி எண்ணெய். தங்கச்சி, மாமி மனம் நோகாமச் சொல்லுங்கோ, ஆனா பிள்ளையின்ர மூக்குக்க எண்ணெய் விடாதேங்கோ. நல்லெண்ணெயோ, பசுநெய்யோ, என்ன தைலமோ, படுத்திருக்கிற பிள்ளையின்ர மூக்கில விட்டா அது சுவாசப்பைக்கு வழுக்கிப் போகும், எண்ணெயை உடம்பால கரைக்க ஏலாது, அங்க இருந்து நிமோனியா மாதிரி வரும். சித்த மருத்துவத்தில மூக்கில மருந்து விடுற நசியம் இருக்கிறது உண்மை, அது படிச்ச வைத்தியர் ஆளைப் பாத்து, நாளைப் பாத்துச் செய்யிற சிகிச்சை, அடுப்படியில செய்யிறது இல்லை. உள்ளிச் சாறு, வெங்காயச் சாறு, ஆடாதோடைச் சாறு எண்டு மூக்குக்க விடுறதும் அப்பிடித்தான், விட்டவுடன தண்ணியாக் கொட்டும், கழிவு போகுது எண்டு சந்தோசப்படுவினம், உண்மையில மூக்குத் தோல் வெந்து அழுகுது. கற்பூரத்தை எண்ணெயில காய்ச்சிப் பிள்ளைக்குப் பூசிறதும், யூகலிப்டஸ் தைலத்தைச் சீனியில விட்டுக் குடுக்கிறதும் நிப்பாட்டுங்கோ, ரெண்டும் வயித்துக்க போனா வலிப்புக் கொண்டு வரும், ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலமே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

மஞ்சள் சுட்டுப் புகை பிடிக்கிறது, சாம்பிராணி, நுளம்புத்திரி, விறகடுப்பு, குப்பை எரிக்கிறது, புகை எல்லாம் ஒண்டு தான். மருந்துப் புகை எண்டு ஒண்டு மூக்குக்குத் தெரியாது. உங்கட மகனுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இருந்தா ஒரு மஞ்சள் புகை காணும் இரவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்க.

சந்தைப் பவுடருக்கு வாறன், எனக்குக் கூடப் பயம் அதில தான். பேரில்லை, என்ன சேத்தது எண்டு எழுத்தில்லை, பதிவு இலக்கம் இல்லை, ஆனா மூண்டாம் நாளே மூக்குத் திறக்குது, பசி கூடுது, மூட்டு நோவும் போகுது எண்டால் நான் முதல் சந்தேகப்படுறது ஸ்டீரொயிட் எண்ட வலுவான இங்கிலீஷ் மருந்தை. இப்பிடி மூலிகை எண்டு விக்கிற தூளுகளில பிரட்னிசலோன், டெக்ஸாமெதசோன் கலந்து பிடிபட்டது பல நாடுகளில நடந்திருக்கு. அது முதல் கிழமையில தேவாமிர்தம், மாசக்கணக்கில முகம் வீங்கும், சீனி ஏறும், எலும்பு உக்கும், பிள்ளை வளராது. எங்கட சொந்தத்திலயே ஒராள் அப்பிடி ஒரு தூள் ஒண்டரை வருசம் குடிச்சு, முகம் நிலவு மாதிரி வந்து, சனம் "நல்லா வந்திட்டியள்" எண்டு சொல்ல, கடைசியில சின்ன விழுகைக்கு இடுப்பு முறிஞ்சு படுத்தவ. இதை நினைக்க எனக்கு இண்டைக்கும் நெஞ்சு எரியும்.

ஹோமியோபதி மருந்து அலர்ஜிக்குக் குணம் குடுக்கும் எண்டதுக்கு உறுதியான சான்று இல்லை. அக்குபங்சர் ஜேர்மனியில 422 பேருக்குச் செய்து 2013ல முடிவு வந்தது, கொஞ்சம் குணம், ஆனா சின்ன அளவு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போய்க் காசு செலவழிக்கிற அளவுக்கு இல்லை.

சாப்பாட்டில கட்டுப்பாடு கூடிப்போய் பிள்ளையளை வாட வைக்காதேங்கோ. வாழைப்பழம், தோடம்பழம், தயிர், இளநி எல்லாம் குளிர் எண்டு நிப்பாட்டி வைச்சிருக்கிற வீடுகள் கனக்க. அந்தச் சாப்பாடு சாப்பிட்டு ஒவ்வொரு முறையும் வில்லங்கம் வந்தா விடுங்கோ, இல்லாட்டிச் சாப்பிடட்டும். பால் குடிச்சா சளி கூடாது, தொண்டையில ஒட்டின மாதிரி இருக்கும், அவ்வளவு தான். முழுக்கும் அப்பிடித்தான். பீனிசக்காரர் தலையில தண்ணி வார்க்கக்கூடாது எண்டு நீங்களும் எழுதியிருந்தீங்கள், ஆனா வயலுக்கால வந்த தலைமயிரில சுணையும் தூசும் அப்பிக்கொண்டிருக்கும், அதோட படுத்தா இரவிரவாத் தலையணையில இருந்து அதைத்தான் மூச்சா இழுப்பீங்கள். முழுகிப்போட்டு வடிவாத் துவட்டிக் காய விடுங்கோ, உடுப்பை வெளியிலயே கழட்டி நனைய விடுங்கோ.

வெட்டு மெஷின் வயலுக்க இறங்கிற நாள், நெல்லுத் தூத்திற நாள், மில்லுக்குப் போற நாள் மூக்கையும் வாயையும் மூடி இறுக்கமான மாஸ்க் ஒண்டு போடுங்கோ, லேஞ்சி கட்டினா நெல்லுத் தூசு நிக்காது. வீட்டுக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கி அதுக்குப் பக்கத்தில பிள்ளை படுக்கிறதெண்டா முதல் அதை மாத்துங்கோ. தும்பு மெத்தை, இலவம் பஞ்சுத் தலையணை பழசெண்டா தூசுப் பூச்சிக்கு அது தான் ஊர். எங்கட வெயில் எங்களுக்கு ஒரு கொடை, கிழமைக்கு ஒருக்கா மெத்தையையும் தலையணையையும் உச்சி வெயிலில போட்டு, பேந்து பிள்ளை இல்லாத நேரம் தட்டுங்கோ, விரிப்பைக் கொதிதண்ணியில அவிச்சுத் தோயுங்கோ. கூட்டேக்க முதல் தண்ணி தெளிச்சுக் கூட்டுங்கோ, இல்லாட்டி ஈரத்துணியால துடையுங்கோ. சோளகம் வீசிற மாசங்களில கிறவல் றோட்டுக் கரை வீடுகளுக்கு இது ஒவ்வொரு நாளும் தேவை.

இதெல்லாம் செய்தும் தும்மல் நிக்கேல்லையெண்டா இங்கிலீஷ் மருந்தை வெறுக்காதேங்கோ. பிரிட்டன் பழைய மருந்து, நித்திரையைத் தரும், அதைக் குடிச்சிட்டு மோட்டசைக்கிளோ உழவு மெஷினோ ஓடக்கூடாது. செற்றிரிசின், லொறட்டடீன் எண்டு நித்திரை குறைஞ்சது இருக்கு, மகனுக்கு அதை மாத்தித் தரலாமோ எண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ. அடைப்புக்கு உண்மையில நல்லது மூக்குக்கு அடிக்கிற ஸ்டீரொயிட் ஸ்பிரே. ஸ்டீரொயிட் எண்ட சொல்லைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, அது மூக்குத் தோலில மட்டும் சின்ன அளவில நிக்கிறது, சந்தைத் தூள் மாதிரி உடம்பு முழுக்க ஓடுறதில்லை. ஆனா அது அடிச்சவுடன வேலை செய்யாது, ஒரு கிழமை ரெண்டு கிழமை விடாம அடிக்க வேணும். வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு, நடுத்தண்டுக்கு அடிக்காம வெளிக் காதுப் பக்கம் பாத்து, அப்ப இரத்தம் வராது. உப்புத் தண்ணியால கழுவி ஒரு பத்து நிமிசம் விட்டு அடிச்சா இன்னும் நல்லாப் பிடிக்கும். மற்றது, பாமசியில வாங்கிற உடன திறக்கிற மூக்குச் சொட்டு மருந்து, அதை அஞ்சு நாளுக்கு மேல விடாதேங்கோ, விட்டா மூக்கு அதுக்குப் பழகி முன்னையிலயும் கூட அடைக்கும்.

பச்சைச் சளி வந்தவுடன அன்ரிபயோட்டிக் கேக்காதேங்கோ, தடிமனுக்கும் பச்சையா வரும். பத்து நாளாகியும் குறையேல்ல, இல்லாட்டிக் குறைஞ்சு வந்து திரும்பக் காய்ச்சலோட கூடுது எண்டால் காட்டுங்கோ. கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை ரெண்டாத் தெரியிறது, தாங்க ஏலாத தலையிடி, கழுத்து விறைப்பு எண்டால் விடியும் வரை காத்திருக்காம உடன போங்கோ. ஒரு பக்க மூக்கால மட்டும் நாத்தமோ இரத்தமோ வந்தாலும் காட்ட வேணும், சின்னப் பிள்ளையெண்டா மணியோ புளியங்கொட்டையோ உள்ள போட்டிருக்கும். சலரோகக்காரருக்கு மூக்குக்குள்ள கறுப்பாப் பொருக்கு வந்தா அது அவசரம். உங்கட நெத்திப் பாரத்தையும் ஒருக்கா யோசியுங்கோ, வெளிச்சம் பாக்க ஏலாம, சத்தி வாற மாதிரி, ஒரு பக்கமா இடிக்கிற நோ எண்டால் அது பீனிசமில்லை, ஒற்றைத் தலையிடி. 2004ல அமெரிக்காவில பீனிசத் தலையிடி எண்டு தாங்களாச் சொன்ன 2991 பேரைப் பாக்க 88 வீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலையிடி மாதிரியான நோ.

மகனை இண்டைக்கு இரவைக்குப் படுக்கேக்க பாருங்கோ. உள்ளங்கையால மூக்கு நுனியை மேல தள்ளித் தேய்க்கிறவரோ, வாய் திறந்து குறட்டை விடுறவரோ, விடியப்புறம் இருமுறவரோ, நெஞ்சில விசில் மாதிரிச் சத்தம் கேக்குதோ. குறட்டையெண்டா மூக்குக்குப் பின்னால சதை வளந்திருக்கலாம், விசிலெண்டா முட்டு. முட்டுக்கு வாயால இழுக்கிற பம் தந்தா பழகிப்போகும் எண்டு ஆரும் சொல்லுறதைக் கேட்டு மல்லித்தண்ணியோட நிக்க வேண்டாம், பம்மும் இருக்கட்டும், மல்லித்தண்ணியும் இருக்கட்டும்.

அந்தப் பவுடர் மிச்சம் இருந்தா எறிஞ்சு போடாதேங்கோ. பைக்கற்றோட கிளினிக்குக்குக் கொண்டு போய், எத்தினை நாள், நாளுக்கு எத்தினை தரம் குடிச்சனீங்கள், மகனுக்கும் குடுத்தனீங்களோ எண்டதை மறைக்காமச் சொல்லுங்கோ. நீங்கள் ரெண்டு கிழமை எண்டு எழுதினபடியா இப்பவே விடலாம், ஆனா உங்கட பக்கத்தில ஆரும் மாசக்கணக்கா அதைக் குடிச்சுக்கொண்டிருந்தா திடீரெண்டு நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, உடம்பு தளந்து விழுந்திடும், டொக்டர் தான் படிப்படியாக் குறைச்சு விடுவிக்க வேணும்.